கோலுக்குள் நெருப்பு

போன ஆவணியில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் சதுர்த்தி விழா. சாயங்காலம் ஆறரை மணிக்கு மின்சாரம் போய்விட்டது. இருட்டில் யாரோ ஒரு பக்தர் கம்பியில் கால் இடறினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒலிபெருக்கிப் பெட்டியின் முதுகில் இருந்த இணைப்பு ஒன்று பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

"கவலைப்படாதீங்க சார், கரண்ட் வர்றதுக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றான் மைக் செட் தம்பி. சட்டைப் பையிலிருந்து தடித்த பேனா மாதிரி ஒன்றை எடுத்தான். மூடியைக் கழற்றி, எதையோ ஒரு தட்டுத் தட்டினான். 'உஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தது. நெருப்பைக் காணோம், புகையையும் காணோம். அரை நிமிஷம் கழித்து அதன் முனையை ஈயக் கம்பியில் வைத்தான். ஈயம் வெண்ணெய் போல உருகி ஓடியது.

"நெருப்பு எங்கேப்பா?" என்று கேட்டேன்.

"உள்ளேயே இருக்கு சார்" என்றான், தலையை நிமிர்த்தாமலே.

அந்தப் பதிலோடு அவன் விஷயத்தை முடித்துக்கொண்டான். எனக்கு அங்கேதான் ஆரம்பமாயிற்று.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு ஸ்டவ் ரிப்பேர்காரர் ஒருவர் வருவார். அவரோடு பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனும் வருவான். வேப்பமரத்தடியில் குமுட்டி அடுப்பை வைத்து, கரியைப் போட்டு, பையன் துருத்தியை ஊதுவான். அடுப்பில் இரண்டு கோல்கள் சொருகியிருக்கும். மரப்பிடி, இரும்புத் தண்டு, நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு செம்புக் கட்டை. ரிப்பேர்காரர் கையை நீட்டுவார். பையன் ஒரு கோலை எடுத்துக் கொடுப்பான். அவர் அதை நவச்சாரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, ஸ்டவ்வின் ஓட்டையில் ஈயத்தை ஓடவிடுவார். மறுபடி கை நீளும். பழைய கோல் அடுப்புக்குப் போகும். புதிய கோல் கைக்கு வரும். ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது.

"ஏம்ப்பா, ஒரு ஓட்டைக்கு ரெண்டு கோல் எதுக்கு?" என்று என் பாட்டி கேட்பாள். கூலியைக் குறைப்பதற்கு அவள் கையாளும் தந்திரங்களில் அதுவும் ஒன்று.

"ஒண்ணு வேலை செய்யறப்போ இன்னொண்ணு சாப்பிடணும் பாட்டியம்மா" என்பார் அவர்.

அந்தப் பதிலில் எத்தனை பௌதிக சாஸ்திரம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகும். காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். இரண்டையும் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபத்து மூன்று, முப்பத்தேழு என்ற கணக்கில் கலந்தால் ஓர் அதிசயம் நடக்கிறது: கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! தனித்தனியாக இருக்கும்போது முரண்டு பிடிக்கும் இரண்டு பேர், சேர்த்துவைத்ததும் இளகிவிடுகிறார்கள். இதுதான் பற்றாசு. செம்போ 1,085 டிகிரி வரை உருகாது. உஷ்ணத்தைத் தாராளமாக வாங்கி, தாராளமாகக் கொடுக்கும். அதனால்தான் கோலின் நுனிக்குச் செம்பு.

ஆனால் தாராளமாகக் கொடுப்பவன் கை சீக்கிரம் காலியாகும் அல்லவா? நெருப்பை விட்டு வந்த கணத்திலிருந்து கோல் ஆறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பற்றும் அதன் சூட்டில் ஒரு பங்கைத் தின்கிறது. ஆறிய கோலால் வைத்த பற்று பார்வைக்கு ஒட்டினது போல இருக்கும். பிடித்து ஆட்டினால் விட்டுவிடும். அதற்குப் பயந்து கோலை அதிகமாகக் காய்ச்சினாலோ, நுனியில் பூசிய ஈயம் கருகி, அதன்மேல் பற்றாசு ஒட்டவே ஒட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பதத்தைக் கண்டுபிடிப்பதுதான் அந்தப் பையனின் உத்தியோகம். கட்டையைச் சுற்றி எரியும் நெருப்பில் லேசாகப் பச்சை நிறம் தட்டினால் எடுத்துவிட வேண்டும். உஷ்ணமானி கிடையாது; அவன் கண்தான் உஷ்ணமானி.

பற்றாசு நம் தமிழுக்குப் புதிய சரக்கு அல்ல. தட்டார்கள் வெங்காரப் பொடியை வைத்து, குழலால் ஊதிப் பற்றவைப்பார்கள். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அந்தப் பொடி இதுதான் என்று சொல்வார்கள். வெண்பாவில்கூட அது புகுந்திருக்கிறது. அடியின் கடைசிச் சீருக்கும் தனிச்சொல்லுக்கும் நடுவே இடைவெளி தட்டினால், ஓர் அசை இரண்டு அசை சேர்த்து இணைப்பார்கள். அதற்கு 'ஆசு' என்று பெயர். பொற்கொல்லனின் பற்றாசைத்தான் இலக்கணக்காரர்கள் இதற்கு உவமை சொன்னார்கள். புலவருக்கு ஆசு இட அடுப்பு வேண்டாம். ஸ்டவ் ரிப்பேர்காரருக்கு வேண்டும், அங்கேதான் சங்கடம்.

அடுப்பு இருக்கும் இடத்துக்கு வேலை வந்தால் சரி. வேலை இருக்கும் இடத்துக்கு அடுப்பு போகவேண்டும் என்றால்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்திக் கம்பிகளும் பிறகு டெலிபோன் கம்பிகளும் ஊர் ஊராக ஓடத் தொடங்கின. கம்பியோடு கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டால் மட்டும் போதாது. மழையிலும் காற்றிலும் துருவேறி இணைப்புக் கெடும். ஈயம் பாய்ச்சினால்தான் நிலைக்கும். அடுப்பைத் தரையில் வைத்துவிட்டு, காய்ந்த கோலோடு கம்பத்தில் ஏறுகிறவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவன் மேலே போய்ச் சேர்வதற்குள் காற்று பாதிச் சூட்டைக் கொண்டுபோயிருக்கும். கோல் தன்னைத்தானே காய்ச்சிக்கொள்ளக் கூடாதா என்று ஏங்கியவன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஏக்கத்துக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஸ்வீடன் தேசத்தில் ஆர்போகா என்ற ஊரில் 1858-ம் வருஷம் பிறந்த கார்ல் ரிச்சர்ட் நீபெரி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு நகைத் தொழிலாளியிடம் வேலைக்குப் போனவர். ஊதுகுழலின் அருமை தெரிந்த கை! 1882-ல் அவர் ஸ்டாக்ஹோமில் ஒரு சிறு பட்டறை வைத்து, கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஊதுவிளக்கு ஒன்றைச் செய்தார்.

அதன் யுக்தியைக் கேளுங்கள். பித்தளைக் கலத்தில் பெட்ரோல். அதிலிருந்து மேலே ஒரு குழாய். குழாயின் அடியில் உள்ள கிண்ணியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் குழாய் சூடாகும். உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவியாகும். அந்த ஆவி ஊசித் துளை வழியாகச் சீறி வெளியே வரும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு வந்து நீல நெருப்பாக எரியும். அந்த நெருப்பு என்ன செய்கிறது? தான் வந்த குழாயையே சூடாக்குகிறது. அடுத்து வரும் எண்ணெயும் ஆவியாகிறது. ஒருமுறை பற்றவைத்துவிட்டால் பிறகு தனக்கு வேண்டிய ஆவியைத் தானே சமைத்துக்கொள்ளும் அடுப்பு!

யுக்தி பிரமாதம், வியாபாரம் அப்படியில்லை. ஒவ்வொரு விளக்கையும் செய்யவும் நாளாயிற்று, விற்கவும் நாளாயிற்று. 1886-ல் ஒரு சந்தையில் மாக்ஸ் சீவர்ட் என்ற வியாபாரி அந்த விளக்கைக் கண்டார். செய்கிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர் என்று ஏற்பட்டதும் ஊதுவிளக்கு உலகம் சுற்றப் புறப்பட்டது. கண்டுபிடித்தவர் பெயரைவிட விற்றவர் பெயர்தான் அதில் நிலைத்தது. எழுத்தாளர்களுக்கு இது ஆச்சரியமான செய்தி அல்ல.

ஊதுவிளக்கின் வாய்க்கு நேரே ஒரு செம்புக் கட்டையைப் பொருத்தினால் போதும். தானே காயும் கோல் தயார். ஸ்வீடன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய தேசங்களின் தொழிற்சாலைகள் இப்படிப்பட்ட கோல்களைப் பலவிதமாகச் செய்து விற்றன. பிடியே எண்ணெய்க் கலமாக அமைந்தவையும் உண்டு. வேலை நடக்கும்போதே நெருப்பு கட்டையின் முதுகைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். செலவாகும் சூடு உடனுக்குடன் வரவாகிவிடும். கம்பத்தின் உச்சியில் இருப்பவன் இனிமேல் கீழே பார்த்துக் கைநீட்ட வேண்டியதில்லை. பெட்ரோலை முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஆபத்து மட்டும் அவனோடுதான் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் பாட்டியின் ஸ்டவ் கதைக்குள் வருகிறது. ஊதுவிளக்கின் அமைப்பையே அடிப்படையாக வைத்து, ஸ்டாக்ஹோமில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892-ல் மண்ணெண்ணெயில் புகையில்லாமல் எரியும் அடுப்பைச் செய்தார். அதன் பெயர் 'பிரைமஸ்'. 1911-ல் தென் துருவத்துக்குப் போன ஆமுன்ஸென் கோஷ்டி அதில்தான் சமைத்தது. 1953-ல் எவரெஸ்ட் ஏறிய கோஷ்டியும் அதை எடுத்துப் போயிற்று. ஆகவே, ஓட்டை விழுந்த ஸ்டவ்வும் அதை அடைக்கும் கோலும் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள். வேப்பமரத்தடியில் எங்கள் ரிப்பேர்காரர் அண்ணனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி இன்னும் அவர் கைக்கு வந்து சேரவில்லை. அவனுக்குப் பதிலாகத்தான் அந்தப் பையன் துருத்தி ஊதிக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் மின்சாரம் வந்தது. 1921-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பவர் மின்சாரக் கோல்களைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்க ஆரம்பித்தார். ரேடியோ பெருகப் பெருக அதுவும் பெருகியது. நெருப்பும் வேண்டாம், பம்பும் வேண்டாம். ஆனால் வால் ஒன்று உண்டு. அந்த வாலுக்குச் சுவரில் ஓட்டை வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்துக்குப் பழைய நெருப்புதான் திரும்பி வரவேண்டும். அது எப்படித் திரும்பி வந்தது என்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகவேண்டும்.

1812-ம் வருஷம் மே மாதம் 25-ம் தேதி, இங்கிலாந்தின் வடக்கே ஃபெல்லிங் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்று வெடித்தது. 92 பேர் இறந்தார்கள். அவர்களில் எங்கள் ஸ்டவ் பையன் வயதுச் சிறுவர்களும் உண்டு. சுரங்கத்தில் கசியும் வாயுவில் விளக்கின் நெருப்புப் படுவதால் நேரும் அநர்த்தம் இது. ஹம்ப்ரி டேவி இதற்கு மாற்றுத் தேடினார்; 1815-ல் மெல்லிய கம்பி வலையால் சுடரை மூடிய விளக்கைக் கொடுத்தார். அதோடு அவர் நிற்கவில்லை. வாயுவும் காற்றும் கலந்த இடத்தில் சூடான பிளாட்டினக் கம்பி ஒன்றைக் காட்டினார். கம்பி தகதகவென்று சிவந்து ஒளிர்ந்தது. சுடரே இல்லை! வாயு எரிகிறது, உஷ்ணம் வருகிறது, தழல் மட்டும் கிடையாது. 1817 ஜனவரியில் இதை அவர் ராயல் சொஸைட்டியில் தெரிவித்தார்.

பிளாட்டினம் தான் மாறாமல், மற்ற இரண்டையும் சேர்த்துவைக்கிறது. கல்யாணத் தரகர் வேலை! இந்த மாதிரிக் காரியத்துக்குக் 'கட்டலிஸிஸ்' என்று 1835-ல் பெயர் சூட்டியவர் பெர்ஸீலியஸ். அவரும் ஸ்டாக்ஹோம்காரர்தான்.

டேவியின் கம்பி வெகுகாலம் காத்திருந்தது. 1980-களில் அயர்லாந்தில் கார்லோ என்ற ஊரில், பேனா அளவுள்ள ஒரு கோலைச் செய்தார்கள். பிடிக்குள் பியூட்டேன் வாயு. நுனிக்குப் பின்னால் பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய சிறு துண்டு. ஒரு பொறி பட்டதும் அது சூடாகும். பிறகு வாயு சுடரில்லாமல் அதன்மேல் எரிந்துகொண்டே இருக்கும். சுரங்கத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகத் தேடும்போது அகப்பட்ட நெருப்புதான், பிள்ளையார் கோயிலில் மைக் செட்டைச் சரிசெய்தது.

நீபெரியை விட்டுவிட்டேனே! அவருக்கு ஊதுவிளக்கு போதவில்லை. 1897-ல் ஆகாய விமானம் கட்ட ஆரம்பித்தார். அதன் பெயர் 'ஃப்ளூகன்'. ஈ என்று அர்த்தம். கொதிகலனில் நீராவி, அதைக் காய்ச்சத் தம் ஊதுவிளக்குகளையே நாலு வைத்தார். 1922 வரை, இருபத்தைந்து வருஷம், அதோடு மல்லாடினார். தத்தியதுண்டு, உருப்படியாகப் பறந்ததில்லை. ஊரார் அவருக்குப் 'பறக்கும் நீபெரி' என்று பெயர் வைத்தார்கள். 1939-ல் காலமானார்.

எனக்கு அவரைவிட அந்தத் துருத்திப் பையனின் ஞாபகம்தான் அடிக்கடி வருகிறது. தானே காயும் கோல் வந்தால் முதலில் வேலை போவது அவனுக்குத்தான். போகட்டும் என்றும் தோன்றுகிறது. அந்த வயதில் அவன் இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அவன் உள்ளங்கையில் சுட்ட வடுக்கள் இருந்தன. பாட்டி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் கூலி கொடுத்தாள். ஆனாலும் பச்சை நிறத்தைக் கண்டு பதம் சொன்ன அந்தக் கண், அது அவனுக்கு அடுப்பங்கரையில் கிடைத்த படிப்பு. அது இப்போது எந்தக் கோலுக்குள்ளும் இல்லை.

விளக்குகள் எரிந்தன, ஒலிபெருக்கி பாடிற்று. மைக் செட் தம்பி கோலை அணைத்துவிட்டான். ஆனால் பையில் போட்டுக்கொள்ளாமல் விரல் நுனியில் பிடித்தபடியே நின்றான்.

"அதான் அணைச்சாச்சே?" என்றேன்.

"நெருப்புதான் சார் போச்சு, சூடு இருக்கே! தெரியாம ஒருதரம் பையில போட்டு, புதுச் சட்டை போயிடுச்சு" என்றான்.

பத்து நிமிஷம் அவனோடு நானும் நின்றேன், அது ஆறுகிற வரைக்கும்.