அறியாத மூலங்கள்

2011இல் நான் இரண்டாம் படிவம். மாமா கைமாற்றிவிட்ட ஒரு பழைய நோக்கியா என்னிடம் இருந்தது. அதற்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும், சதுரக்கோட்டுத் தாளில் யாரோ எழுத மறந்துவிட்டதுபோல. டியூஷனில் பக்கத்தில் உட்காரும் பையன் ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஓப்பரா மினி போடுடா. அட்ரஸ் அடிக்கிற எடத்துல ஓப்பரா, ரெண்டு புள்ளி, கான்ஃபிக்னு அடி. கடைசிக்குப் போ. பிட்மேப் ஃபாண்ட்னு ஒன்னு இருக்கும், அதுக்கு யெஸ் போடு."

போட்டேன். தமிழ் வந்தது. கொஞ்சம் மங்கலாக, ஓரமெல்லாம் பிசிறடித்து. ஆனால் வந்தது. பத்தாங் பெர்ஜுந்தையில், லயத்து வீட்டின் பின்வாசல் படியில் உட்கார்ந்து அன்றிரவு நான் வாசித்தது ஏதோ சினிமா செய்திதான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பத்து வெள்ளி பிரீபெய்ட் அட்டை இரண்டே நாளில் காலியானது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பொறியியல் படித்த பிறகுதான் அன்று நடந்தது என்னவென்று புரிந்தது. தமிழ் எழுத்தைக் காட்ட எழுத்துரு மட்டும் போதாது. 'கெ' என்று எழுதும்போது கணினி முதலில் 'க'வையும் அதன்பின் கொம்பையும் சேமித்து வைக்கிறது. திரையிலோ கொம்பு முன்னால் வரவேண்டும். 'கொ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் போய் நிற்கவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு நிரல் வேண்டும். அந்தக் காலத்து மலிவுக் கைப்பேசிகளில் அது இல்லை. ஓப்பரா மினி என்ன செய்தது என்றால், எங்கோ இருக்கும் தன்னுடைய கணினியில் எழுத்துகளை ஒழுங்காக அடுக்கி, படமாக வரைந்து அனுப்பியது. நான் வாசித்தது தமிழ் எழுத்தை அல்ல, தமிழ் எழுத்தின் படத்தை. காசு கரைந்ததும் அதனால்தான்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. கணினியில் தமிழ் வளர்ந்த கதை எங்கோ நடந்த கதை இல்லை. நம் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தது. முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கியது 1985இல், இதே மலேசியாவில். அவருடைய அப்பா கவிஞர் முரசு நெடுமாறன், கேரித் தீவுக்காரர். மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் திரட்டிக் களஞ்சியமாக்கியவர். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிவிட்டார். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் அங்கேதான். 1999இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை முடிவானது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். எவ்வளவு அழகான யோசனை! 2001இல் மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. எனக்கு அப்போது நான்கு வயது. கோலாலம்பூருக்கும் எங்கள் தோட்டத்துக்கும் இடையே ஒரு மணிநேரத்துச் சொச்சம் கார்ப் பயணம். அந்தத் தூரத்தைக் கடக்கத் தமிழுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

கைப்பேசிக்கான செல்லினம் 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியானது. அதுவும் முத்து நெடுமாறனின் வேலைதான். அப்படியென்றால் எங்கள் தோட்டத்தில் ஏன் யாரும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பவில்லை? ஆர்வம் இல்லை, பற்று இல்லை என்று மேடைகளில் சொல்வார்கள். நான் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுக்குத்தான் இடம். ஆங்கில எழுத்தென்றால் 160 எழுத்து கொள்ளும். ஒருங்குறித் தமிழ் என்றால் 70 மட்டுமே. அதிலும் புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'அம்மா' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, குறுஞ்செய்திக்கு ஐந்து. அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் நான்கில் முடிந்துவிடும். ஒவ்வொரு செய்திக்கும் காசு போன காலம் அது. தமிழில் எழுதினால் செலவு இரண்டு மடங்குக்கு மேல், வாங்குபவரின் கைப்பேசியில் கட்டம் கட்டமாகத் தெரியும் ஆபத்து வேறு. தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்து, தமிழில் ஏ வாங்கிய எங்கள் செட்டு முழுக்க 'சாப்டியா' என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகியது இப்படித்தான். பிறகு செய்தி இலவசமாகியது. பழக்கம் போகவில்லை.

2013இல் கையில் கிடைத்த முதல் ஆண்ட்ராய்டு 2.3 இரகம். மறுபடியும் கட்டங்கள். இம்முறை எனக்குத் துணிச்சல் வந்திருந்தது. கைப்பேசியை 'ரூட்' செய்து, உள்ளே இருந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துள்ள வேறொன்றை வைத்தேன். கட்டங்கள் போயின. கொம்பு மட்டும் தவறான பக்கத்தில் நின்றது. எல்லாச் சொற்களும் இடுப்பு ஒடிந்ததுபோல் இருந்தன. மூன்றாம் முறை முயன்றபோது கைப்பேசியே செத்துப்போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் வேறு வாங்கித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டு 4.0இல் தமிழ் எழுத்துரு உள்ளேயே வந்தது. 2014இல் வெளிவந்த 5.0இல் கைப்பேசியின் மொழிப் பட்டியலிலேயே தமிழ் ஏறியது. 2015இல் நான் வாங்கியது அந்த 5.0. அதில் வாசிப்பது பிரச்சினை இல்லை, எழுதுவதுதான். விசைப்பலகைச் செயலிகளைப் பதிவிறக்க டேட்டா போதாது. விடுதியில் ஒருவன் இறக்குவான், மற்றவர்கள் புளூடூத்தில் வாங்கிக்கொள்வோம். அப்படி வாங்கிய கோப்பைப் பொருத்த வேண்டுமென்றால் பாதுகாப்புப் பகுதியில் ஒரு சின்னப் பொத்தானைத் திறந்துவிட வேண்டும். 'அறியாத மூலங்கள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். திறந்தேன். அப்போதைய ஆண்ட்ராய்டில் அது ஒரே பொத்தான். ஒருமுறை திறந்தால் எந்த வழியாக எது வந்தாலும் உள்ளே விடும். 2017இல் வந்த 8.0இல்தான் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கும் முறை வந்தது.

அதே 2017இல் நான் புதுக் கைப்பேசி வாங்கினேன். பழையதை அப்பாவுக்குக் கொடுத்தேன். என் படங்களை அழித்தேன், கணக்கை மாற்றினேன். அந்தப் பொத்தான் நினைவுக்கே வரவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம், பிறகு புகுமுக வகுப்பு, அத்தோடு படிப்பு முடிந்து செம்பனைக் காடு. இப்படிப்பட்டவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தால் முளைத்த பள்ளிகள் ஆட்டுக்கொட்டகை போல் இருந்தாலும் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தன. மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக 1917இல் நடப்பட்ட இடம் எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டம். நட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசு வாங்கினார். தோட்டத்துக்குப் பெயர் தமிழில், நட்ட துரை பிரெஞ்சு, கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில். கூலிச் சிட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கிராணியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரிலிருந்து கடிதம் வந்தால் வாத்தியாரிடமோ கிராணியிடமோ கொடுத்து வாசிக்கச் சொன்ன காலத்தைப் பாட்டி சொல்வார். வாசித்துக் காட்டுபவர் எதை விட்டுவிட்டார் என்பது கேட்பவருக்குத் தெரியாது.

அப்பா தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிப்பார். மலாய் சரளமாகப் பேசுவார், வாசிக்க நேரமெடுக்கும். ஆங்கிலம் படங்களைப் பார்த்துத்தான். நான் கொடுத்த கைப்பேசியோ ஆங்கிலத்தில் இருந்தது. பொறியியல் படித்த பையன் கொடுத்தது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மின்கட்டணம் கட்டுவதற்காக அவருக்கு இணைய வங்கிச் சேவையையும் நானே திறந்து கொடுத்தேன். கடவுச்சொல்லை நாட்காட்டித் தாளின் பின்னால் எழ்திக் கொடுத்ததும் நான்தான்.

2021இல் ஒரு மத்தியானம் புலனத்தில் மலாயில் ஒரு செய்தி. உதவித்தொகை, பதிந்துகொள்ள இந்தச் செயலியைப் பொருத்துங்கள். தட்டினார். கதவு ஏற்கனவே திறந்திருந்ததால் கைப்பேசி தடுக்கவில்லை. செயலி என்னென்ன கேட்கிறது என்ற பட்டியல் மட்டும் வந்தது: குறுஞ்செய்திகளை வாசிக்க, குறுஞ்செய்திகளைப் பெற. எல்லாம் ஆங்கிலத்தில். அடியில் 'இன்ஸ்டால்'. பிறகு வங்கிப் பக்கம் மாதிரியே ஒன்று வந்தது. நாட்காட்டித் தாளைப் பார்த்து எழுத்துக்கூட்டி அடித்தார். அப்போதெல்லாம் பணம் மாற்ற டேக் எண் குறுஞ்செய்தியில்தான் வரும். அந்த எண்ணைச் செயலியே எடுத்துக்கொண்டது. அப்பாவின் கண்ணில் அது படவேயில்லை. 2,300 வெள்ளி.

அவர் எனக்குச் சொல்லவில்லை. அம்மாதான் மூன்று நாள் கழித்துச் சொன்னார். "ஒனக்குத் தெரிஞ்சா திட்டுவேன்னு சொல்லாம இருக்காருப்பா." நான் வந்து கைப்பேசியைப் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பொத்தான் திறந்திருந்தது. மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. நான்கு வருடமாக இரண்டு தட்டில் மாற்றியிருக்கலாம். தமிழுக்காக எழுத்துருக் கோப்பைத் தோண்டி ஒரு கைப்பேசியைக் கொன்றவன், அப்பாவுடையதில் மொழியை மாற்றவில்லை. தமிழ் எனக்கு இலக்கியம் வாசிக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கை வாசிக்க அவருக்குத்தான் வேண்டியிருந்தது என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழி எண் அனுப்புவதை வங்கிகள் கைவிட வேண்டும் என்று அறிவித்தது. ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசி, புதிதாகப் பதிபவருக்குச் சிறிது காத்திருப்புக் காலம் என்ற நிபந்தனைகளும் வந்தன. அடுத்த மாதம் 997 என்ற அவசர எண் தொடங்கியது. எங்களுக்கு அது பிந்தி வந்த மழை. ஆனாலும் 997ஐ அப்பாவின் தொடர்புப் பட்டியலில் முதலில் வருமாறு சேர்த்திருக்கிறேன். காசு போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே அழைத்தால்தான் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும்முன் மறிக்க வாய்ப்பு. மூன்று நாள் மௌனம் அதற்கு உதவாது. இதை வாசிப்பவர் யாராவது வீட்டில் பழைய கைப்பேசியைக் கைமாற்றிவிடுவதாக இருந்தால் முதலில் முழுவதும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விடுங்கள். படங்களை மட்டும் அழிப்பது வீட்டைக் காலிசெய்து சாவியைக் கதவிலேயே விட்டுவருவது மாதிரி. குறுஞ்செய்தியை வாசிக்க எந்தெந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். டார்ச் லைட் செயலிக்கு அது எதற்கு?

போன தீபாவளிக்குப் புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்து, கடையிலேயே தமிழுக்கு மாற்றினேன். முதல் வாரம் சண்டைதான்.

"அமைப்புகள்னு போட்டிருக்கு. எந்த அமைப்பு? மா.இ.கா.வா?"

"செட்டிங்ஸுப்பா."

"அப்ப செட்டிங்ஸுன்னே போடவேண்டியதுதான?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கைப்பேசித் தமிழை எழுதியவர்கள் தோட்டத்து ஆளை மனத்தில் வைத்து எழுதவில்லை. 'பதிவிறக்கு' அவருக்குப் புரிகிறது, நாளிதழில் வருகிறது. 'இயல்புநிலை' புரியவில்லை. குரலால் எழுதும் வசதியில் அவர் 'லோரி வந்துருச்சி, குலை ஏத்தியாச்சி' என்று சொன்னால் கைப்பேசி வேறேதோ எழுதுகிறது. கூகுள் 2017இலேயே தமிழைக் கேட்டெழுதக் கற்றுக்கொண்டது. எங்கள் தமிழ் அந்தப் பாடத்தில் இல்லை போலிருக்கிறது. ஆனாலும் மனிதர் இப்போது எல்லாவற்றையும் உரக்க வாசிக்கிறார், பள்ளியில் வாசித்ததுபோல ஒவ்வொரு சொல்லாக. அம்மாவுக்குத்தான் தொல்லை.

போன மாதம் வேலையிடத்தில் இருந்தபோது அழைத்தார். தோட்டத்துப் பழைய நண்பர்கள் குழுவில் யாரோ கல்யாண அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார்கள். தட்டினால் கைப்பேசி ஏதோ கேட்கிறதாம்.

"என்ன கேக்குதுப்பா? அப்படியே படிங்க."

கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுத்தை அவரே ஆகப் பெரிதாக மாற்றி வைத்திருந்தார். நீண்ட தமிழ்ச் சொற்கள் திரைக்குள் அடங்கவில்லை.

"இந்த மூலத்திலிருந்துன்னு போட்டு மூனு புள்ளி வச்சிருக்கான். மிச்சத்தக் காணோம். அதுக்கப்புறம் என்ன இருக்கும், சொல்லு."