கரோதர்ஸ் ஒதுக்கிவைத்த பிளாஸ்டிக்

இலக்கியக் கூட்டத்தில் பிளாஸ்டிக்குக்கு என்ன வேலை என்று நினைக்கலாம். எனக்கு இது ஒரு குடும்பக் கதையாகத்தான் தெரிகிறது. ஒதுக்கப்பட்ட பிள்ளை, எழுபது ஆண்டுகள் கழித்து, தம்பி கற்ற வித்தையால் தலையெடுக்கும் கதை.

தந்தை வாலஸ் கரோதர்ஸ். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலாளர். 1932இல் லாக்டிக் அமிலத்திலிருந்து ஒரு பாலிமரைச் செய்துபார்த்தார். பால் தயிராகும்போது உண்டாகிற அதே அமிலம்தான். ஆனால் கிடைத்த பொருள் வலுவற்றது. இந்த வகைப் பாலியெஸ்டர்கள் எளிதில் இளகின, ஈரம் பட்டால் சிதைந்தன. கரோதர்ஸ் வேறு பக்கம் திரும்பினார்; 1935இல் நைலான் பிறந்தது. 1937இல், 41 வயதில், தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். நைலான் காலுறைகளுக்காக 1940இல் கடைவாசலில் பெண்கள் வரிசையில் நின்றதை அவர் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஒரு பொருளின் பெருமையே அது அழியாமல் இருப்பதுதான். மட்கிப்போவது குறை. அந்தக் குறையை முதலில் குணமாகக் கண்டவர்கள் அறுவை மருத்துவர்கள். லாக்டிக் அமில வகைப் பாலிமர்களால் ஆன, உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் தையல் நூல் 1970களில் வந்தது. குப்பைமேடுகள் உயர்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கு அந்த நினைப்பு வந்தது. 2002இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பிளேர் என்ற ஊரில், மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து பாலிலாக்டிக் அமிலம் செய்யும் பெரிய ஆலை திறக்கப்பட்டது. பழைய பலவீனம் மட்டும் போகவில்லை. 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இளகும். வளைத்தால் படக்கென்று ஒடியும். சூடான தேநீர் ஊற்றிய கோப்பை கையிலேயே குழைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இனி தம்பியின் கதை. ஜப்பானில் டொயோட்டாவின் மைய ஆய்வகத்தில், 1980களில், நைலானுக்குள் களிமண்ணைக் கலந்தார்கள். நம் ஊர் மண்சுவருக்குச் சேற்றில் வைக்கோல் மிதிப்போமே, அதைத் தலைகீழாக்கியதுபோல. வைக்கோல்போன்ற நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே களிமண்.

மோன்ட்மோரிலோனைட் என்கிற அந்தக் களிமண், அடுக்கிவைத்த காகிதக்கட்டு போன்றது. ஒவ்வொரு தாளும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன். கட்டாகவே போட்டால் அது வெறும் மண். தாள்தாளாகப் பிரித்துவிட்டால் ஒரு கிராமின் பரப்பு 700 சதுர மீட்டரைத் தாண்டும். தாள்களுக்கு இடையே இருக்கும் சோடியத்தை நீக்கி, நீண்ட வாலுள்ள அம்மோனியம் உப்பை நுழைத்தார்கள். இடைவெளி அகன்றது, பாலிமர் உள்ளே புகுந்து தாள்களைப் பிரித்தது. எடையில் 5 சதவீதம்கூடக் களிமண் இல்லை. ஆனால் பாரம் ஏற்றிய நைலான் வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 டிகிரியிலிருந்து 150ஐ ஒட்டி ஏறியது. கார் எஞ்சினின் டைமிங் பெல்ட் மூடியாக அது சாலைக்கு வந்தது.

இந்த வித்தை மூத்தவனிடம் வந்துசேர்ந்தது, அதே பகுதியில், நகோயாவின் டொயோட்டா தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில். சுப்ரகாஸ் சின்ஹா ரே, மசாமி ஒகமோட்டோ குழுவினர் பாலிலாக்டிக் அமிலத்தில் இந்தக் களிமண்ணைக் கலந்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொருள் விறைப்பானது, சூட்டில் குழைவது குறைந்தது, ஆக்சிஜன் ஊடுருவுவதும் குறைந்தது. எதையும் உறுதியாக்கினால் அது மட்கத் தாமதமாகும் என்றுதானே நினைப்போம்? எருக்குழியில் நேர்மாறாக நடந்தது. கலப்பில்லாததைவிட இது விரைவாகச் சிதைந்தது. களிமண் தாள்களின் ஓரத்திலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் ஈரத்தின் தாக்குதலுக்கு வழி திறந்துவிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அதற்காக எல்லாம் தீர்ந்தது என்று கைதட்டிவிட வேண்டாம். அந்த எருக்குழி 60 டிகிரிக்கு அருகே சூடாக வைக்கப்பட்டது. கடலில் அந்தச் சூடு கிடையாது. வீட்டுத் தோட்டத்துக் குழியிலும் பெரும்பாலும் கிடையாது. ‘மட்கக்கூடியது’ என்று கோப்பையில் அச்சிடுபவர்கள் இதை ஏனோ சிறிய எழுத்தில்கூடப் போடுவதில்லை. அப்புறம் அந்த அம்மோனியம் உப்பு. களிமண் மண்ணுக்குத் திரும்புவதில் பிழையில்லை. கூடவே போகும் உப்புகளின் இனத்திலோ கிருமிகளைக் கொல்பவையும் உண்டு. பிளாஸ்டிக்கைத் தின்ன வேண்டிய பாக்டீரியாவும் கிருமிதான். எந்த உப்பைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் பாதிக் கதை இருக்கிறது. அரட்டைப் பெட்டியில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வந்திருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.