மக்மேனின் பட்டியலில் ராமானுஜன் கண்டது

4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வழிகள். 10-க்கு 42. 100-க்குப் போனால் 19,05,69,292! இவற்றுக்குப் பிரிவினை எண்கள் என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர், முந்தைய எண்களைக் கூட்டியும் கழித்தும் அடுத்ததைப் பெறும் வழியைக் கண்டார்.

அந்த வழியில் 200 வரை கையாலேயே கணக்கிட்டு முடித்தவர் பெர்சி மக்மேன். பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி; 1873-இல் சென்னைக்கு அனுப்பப்பட்டவர். 200-க்கு அவர் கண்ட விடை 39,72,99,90,29,388. கணிதவியலாளர்கள் ஹார்டியும் ராமானுஜனும் பிரிவினை எண்களுக்காக 1918-இல் வெளியிட்ட சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் இதே எண், கூடுதலாக வெறும் 0.004. கணித வரலாற்றில் இப்படி மெய்சிலிர்க்க வைக்கும் பொருத்தங்கள் அபூர்வம்.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனின் கண் அந்தப் பட்டியலில் வேறொன்றையும் பிடித்தது. 4, 9, 14, 19 ஆகியவற்றின் பிரிவினைகள் 5, 30, 135, 490. எல்லாமே ஐந்தால் வகுபடுகின்றன! கூட்டலிலேயே பிறந்த எண்களில் வகுபடும் ஒழுங்கு எங்கிருந்து வந்தது? 4-லும் 9-லும் முடியும் எல்லா எண்களுக்கும் இது பொருந்தும் என்று 1919-இல் நிறுவினார். 7-க்கும் 11-க்கும் இதுபோன்ற விதிகள் உண்டு என்றும் கண்டார்.

ஐந்தால் வகுபடும் இந்தப் பிரிவினைகள் ஐந்து சம குழுக்களாகப் பிரிவது எப்படி என்பதற்கு, கேம்பிரிட்ஜில் படித்த ஃப்ரீமன் டைசன் 1944-இல் ஓர் அளவையை முன்வைத்தார்: மிகப் பெரிய பகுதியிலிருந்து பகுதிகளின் எண்ணிக்கையைக் கழிப்பது. 11-க்கு அது போதவில்லை. 5, 7, 11 மூன்றுக்கும் பொருந்தும் அளவையைக் கணிதவியலாளர்கள் ஆண்ட்ரூஸும் கார்வனும் 1988-இல் வெளியிட்டார்கள்.