மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒரு கோட்டை

சென்ற வாரம் ஒகேனக்கல் அருவிக்கு மேலே, மைசூர் மேட்டுநிலத்தில், ஒரு கோட்டை விலைக்கு வந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். விற்கிறவர் இருப்பது காவிரியின் கடைமடையான தஞ்சையில். வாங்க வருகிறவர் இருப்பது அதே ஆற்றின் மேற்பகுதியில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில். இருவருக்கும் நடுவே, மேட்டுநிலத்தை விட்டு ஆறு கீழிறங்கும் வாசலாக ஒகேனக்கல். சொத்து, பெங்களூரு. பேசி முடித்த விலை மூன்று லட்சம் ரூபாய்.

வீடு வாங்கப் போய், விலை படிந்து, பணத்தையும் புரட்டி வைத்த பிறகு கை நழுவிப்போன வேதனையை அனுபவித்தவர்கள் இந்த அத்தியாயத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். இன்றைக்கு நாம் முதலில் கேட்பது மூலப்பத்திரம், அடுத்து வில்லங்கச் சான்று. பெங்களூருக்கும் அதையே கேட்டுப் பார்ப்போம்.

1638இல் பீஜப்பூர் சுல்தானின் தளபதி ரணதுல்லா கான் பெங்களூரைப் பிடித்தார். அதை ஆண்ட மூன்றாம் கெம்பெ கவுடர் மாகடிக்குப் போக நேர்ந்தது. ஊர் ஷாஜி போன்ஸ்லேவுக்கு ஜாகீராகக் கிடைத்தது. சிவாஜியின் தந்தை அவர். 1664இல் ஷாஜி இறந்ததும், வேறொரு மனைவியின் மகனான ஏகோஜியிடம் பெங்களூரு தங்கியது. 1670களின் நடுவில் ஏகோஜி தஞ்சையையும் பிடித்துக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டார்.

அண்ணன் சும்மா இருப்பாரா? 1677இல் தெற்கே படையோடு வந்த சிவாஜி, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் தம்பியைச் சந்தித்து, அப்பா சொத்தில் தன் பங்கைக் கேட்டார். பேச்சு முறிந்தது. ஏகோஜி இரவோடிரவாகக் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைக்குத் திரும்பிவிட்டார். பிறகு சமாதானம் ஆனபோது, பெங்களூரை ஏகோஜியின் மனைவி தீபாபாயின் ரவிக்கை வளையல் செலவுக்கு என்று சிவாஜி எழுதிக்கொடுத்ததாக மராட்டியர் வரலாறுகள் கூறுகின்றன. தந்தை பெற்ற ஜாகீர், தம்பியின் அனுபவம், அண்ணனின் பாத்தியதை, மருமகளின் சீர் என ஒரே சொத்தின் மேல் இத்தனை உரிமைகள்! இப்படி ஒரு சொத்தை வாங்கச் சொல்லி இன்றைக்கு எந்த வக்கீலும் ஆலோசனை கூறமாட்டார்.

தஞ்சையில் இருந்துகொண்டு பெங்களூரைக் கட்டிக் காப்பது வரவுக்கு மீறிய செலவு. விற்றுவிடலாம் என்று தஞ்சை முடிவு செய்தது. அங்கே 1684 முதல் ஏகோஜியின் மகன், தாத்தாவின் பெயரையே கொண்ட ஷாஜி ஆண்டதாக அரசர் பட்டியல்கள் சொல்ல, 1810இல் மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் விற்றவர் பெயரை ஏகோஜி என்றே தருகிறார்.

வாங்க முன்வந்தவர் மைசூரின் சிக்க தேவராஜ உடையார். 1673 முதல் 1704 வரை ஆண்டவர். ஒன்பது கோடிக்கு அதிபதி என்று பொருள்பட ‘நவகோடி நாராயணர்’ என்று பெயர் எடுத்தவர். தினமும் இரண்டு பை வராகனைக் கஜானாவில் சேர்த்த பிறகே காலை உணவைத் தொடுவார் என்று வில்க்ஸ் எழுதுகிறார். அந்தப் பைகள் எப்படி நிரம்பின என்பதையும் அவரே சொல்கிறார்: வரிச்சுமை தாங்காமல் குடியானவர்கள் ஏர்பூட்ட மறுத்தார்கள், அவர்களுக்குத் துணைநின்ற ஜங்கமர்கள் என்ற வீரசைவக் குருமார்கள் நஞ்சன்கூட்டில் கொல்லப்பட்டார்கள். பெங்களூருக்காக எடுத்துவைத்த மூன்று லட்சமும் அந்த வயல்களிலிருந்து வந்த பணம்தான். இதை நான் அடிக்குறிப்பாக ஒதுக்க மாட்டேன்.

விலை படிந்துவிட்டது. ஆனால் விலை படிந்த நாளுக்கும் சொத்து கைமாறும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. வாங்குகிறவரின் உயிரை எடுக்கும் நாட்கள் அவை. நம் காலத்துச் சட்டமும் இதைப் பச்சையாகச் சொல்கிறது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, விற்பதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் தன்னளவில் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. கிரயப் பத்திரம் பதிவாகும்வரை சொத்து விற்கிறவருடையதுதான். உடையாருக்கு இருந்ததோ வாய்ப்பேச்சும் பெட்டி நிறையப் பணமும்தான்.

அந்த இடைவெளியில்தான் இடி விழுந்தது. 1686 செப்டம்பரில் ஔரங்கசீப்பின் படை பீஜப்பூரைக் கைப்பற்றியது. ஜாகீரைக் கொடுத்த அரசே அழிந்துபோனது. பீஜப்பூரின் சொத்தெல்லாம் இனி பாதுஷாவின் சொத்து என்பது முகலாயர் வாதம். தளபதி காசிம் கான் பெனுகொண்டா, தும்கூர் வழியாகத் தெற்கே விரைந்தார். மராட்டியரும் விட்டுவிடவில்லை. செஞ்சியில் அதிகாரம் செலுத்திய சிவாஜியின் மருமகன் ஹர்ஜி மகாதிக், பெங்களூரை நோக்கிப் படை அனுப்பினார்.

முந்திக்கொண்டவர் காசிம் கான். 1687 ஜூலை 10, பெங்களூர்க் கோட்டையில் முகலாயக் கொடி ஏறியது. செஞ்சிப் படை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தஞ்சைக்குப் பணமும் இல்லை, ஊரும் இல்லை. உடையாருக்கோ கையில் பணம் இருக்கிறது, வீடு யாரோ ஒருவர் வசம். இந்த நிலையில் என்ன செய்வது? சண்டைக்குப் போகலாம், விட்டு விலகலாம். உடையார் மூன்றாவது வழியைப் பிடித்தார். எந்தத் தொகையைத் தஞ்சைக்குத் தருவதாகப் பேசினாரோ, அதே மூன்று லட்சத்தைக் காசிம் கானிடம் கொடுத்துப் பெங்களூரைப் பெற்றுக்கொண்டார். அது கிரயம் அல்ல, குத்தகை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எதுவானாலும், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வைத்திருந்த குடும்பத்துக்கு ஒரு காசும் போகவில்லை. அதைவிட என்னை உறுத்துவது, அந்தக் கோட்டைக்குள் குடியிருந்த நெசவாளரையும் வணிகரையும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது.

முறிந்த அந்தக் கிரயத்தின் விளைவு நம் தருமபுரிப் பகுதியை எட்ட அதிக நாள் ஆகவில்லை. பெங்களூரு கைக்கு வந்த பிறகு மைசூர்ப் படை கிழக்கே இறங்கியது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தருமபுரி, ஓமலூர், காவேரிப்பட்டணம் எல்லாம் உடையாரிடம் போயின. ஒகேனக்கல்லுக்கு மேலே ஆறும் அவருடையது, கீழே மலையடிவாரத்து ஊர்களும் அவருடையவை. ஏமாந்த தஞ்சைக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: காவிரித் தண்ணீர்.

பதினெட்டாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் ஒரு பருவம். புதுப்புனல் வரவேண்டிய காலம் வந்தும் வரவில்லை. தஞ்சை வயல்கள் காத்துக் கிடந்தன. பிறகு சேதி வந்தது: ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் சிக்க தேவராஜர் ஆற்றின் குறுக்கே பெரிய அணை எழுப்பியிருக்கிறார். அதுவரை ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்த தஞ்சை ஷாஜியும் மதுரை ராணி மங்கம்மாளும் பகையை ஒதுக்கிவைத்துக் கைகோத்தார்கள். அணையை உடைக்க இரண்டு நாட்டுப் படைகளும் ஒன்று திரளத் தொடங்கின.

அதே நாட்களில் மேற்கு மலையில் மழை பிடித்துக்கொண்டது. அணையை முதலில் எட்டப்போவது படையா, வெள்ளமா?

(அடுத்த வாரம்)