கடற்கரையில் மணமேடை



உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுள் சிலர், தங்கள் திருமணத்தைத் தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சிலோ, சிதம்பரத்தை அடுத்த சாமியார்பேட்டைக் கரையிலோ நடத்தலாமா என்று வினவுகின்றனர். பெரியோர் பலர் அதைக் கேட்டதும் முகம் சுளிக்கின்றனர். அவர்களுக்கு விடை கூறுவதற்கு முன், திருமணம் ஆலயத்துக்குள் வந்த வரலாற்றை நீங்கள் அறிந்திருப்பது நலம்.

தொடக்கத்தில் திருமணம் ஆலயத்துக்கு உரியதாக இருக்கவில்லை. ஆண்டவர் முதல் அற்புதத்தைச் செய்ததும் கானா ஊரின் கலியாண வீட்டிலேயே. நம் முன்னோர் வழக்கமும் அத்தகையதே. அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் மணத்தில், வீட்டு முன்றிலில் பந்தரிட்டு, மணல் கொணர்ந்து பரப்பி, விளக்கேற்றுகின்றனர். பிள்ளைகளைப் பெற்ற மங்கலமகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். சுற்றத்தார் சூழ்ந்திருப்பதே அங்கு மணத்துக்குச் சான்று.

ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் மண உறுதிமொழி ஆலய வாசலிலேயே கூறப்பட்டது. அதன்பின்னரே மணமக்கள் உள்ளே சென்று ஆராதனையில் கலந்துகொண்டனர். ஆயினும், ஆணும் பெண்ணும் தனித்திருந்து உறுதி கூறினாலும் அம்மணம் செல்லும் என்னும் நிலை அக்காலத்தில் இருந்தது. பின்னாளில் ஆண் அதை மறுத்துவிட்டால், பெண்ணுக்குச் சாட்சி கூற ஒருவரும் இல்லை. அவளும் அவள் பிள்ளைகளும் ஆதரவற்றுப் போயினர்.

இத்தீங்கைத் தடுக்கவே 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், மண அறிவிப்பை முன்கூட்டியே வெளியிடக் கட்டளையிட்டது. இன்று நம் ஆலயங்களில் ஓலை வாசிக்கும் வழக்கத்தின் வேர் அதுவே. 1563இல் திரெந்துச் சங்கம், பங்குக்குரு முன்பாகவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் முன்பாகவும் மணம் நடைபெற வேண்டும் என விதித்தது. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுச் சட்டம் திருமணத்தை ஆலயத்துக்குள் நிலைநிறுத்தியது.

நம் கரைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஒரு வாரத்தில், நவம்பர் 4இல், அங்கு நடந்த முதல் திருமணம் எலைஹு யேலுடையது. அவர் ஆளுநராக இருந்தபோதே, 1690இல், தேவனாம்பட்டினக் கோட்டை மராத்தியரிடமிருந்து வாங்கப்பட்டுப் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தொலைவு வரை அதற்கு எல்லையாயிற்று. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது.

பின்னர் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் மணத்துக்கும் ஓர் எல்லை வகுத்தது. இங்கிலாந்துத் திருச்சபைக் குருவானவர், 5 மைல் தொலைவுக்குள் தம் திருச்சபையின் ஆலயம் இருக்குமாயின், பேராயரின் சிறப்பு அனுமதியின்றி வேறிடத்தில் மணம் நடத்தலாகாது என்றது. பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே மணம் நடைபெற வேண்டும் என்றும், பதிவேட்டில் இரு சாட்சிகள் ஒப்பமிட வேண்டும் என்றும் விதித்தது. கத்தோலிக்கத் திருச்சபையிலும் வேறிடத்தில் மணம் நடத்த ஆயரின் அனுமதி வேண்டும். ஆகவே, மண்டபத்தாரிடமும் அலங்காரம் செய்வோரிடமும் முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் போதகரிடம் பேசுங்கள்.

தேவன் சுவர்களுக்குள் மட்டும் வாசம்பண்ணுகிறவர் அல்லர். தீரு பட்டணத்துச் சீஷர் தங்கள் மனைவி மக்களோடு வந்து, பவுலுடன் கடற்கரையில் முழங்காற்படியிட்டு ஜெபித்ததை அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எனவே கடற்கரை தகாத இடம் என்று நான் கூறேன். ஆனால் திருச்சபை மணத்தை ஆலயத்துக்குள் அழைத்துவந்தது அழகுக்காக அன்று. எளியவள் ஒருத்தி கைவிடப்படாதபடிக்கே. நெடுந்தொலைவிலுள்ள கரையில், புகைப்படக்காரர் சூழ, பத்துப் பேர் மட்டும் கூடும் மணத்தில் உங்கள் சபையின் முதியவர்களும் ஏழைகளும் எங்கே நிற்பார்கள்? மணலில் நடக்க இயலாத பாட்டியார் எங்கே அமர்வார்?

மற்றொன்றையும் மறவாதீர்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று கடலூர் மாவட்டக் கரையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் மாண்டனர். நீங்கள் மணமேடை இட விரும்பும் மணல், மீனவர் வலை உலர்த்தும் முற்றம். அவர்கள் அழுத இடமும் அதுவே. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முறையாகக் கேளுங்கள். அவர்களையும் விருந்துக்கு அழையுங்கள்.

இவ்வாரம் உங்கள் வீட்டில் மணப்பேச்சு எழுந்தால், எங்கே நடத்துவது என்று கேட்பதற்கு முன், யார் யார் சாட்சியாக நிற்பார்கள் என்று கேளுங்கள். அதற்கு நல்ல விடை கிடைத்தபின் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கானாவூர்க் கலியாணத்துக்கு அழைக்கப்பட்ட ஆண்டவர் உங்கள் பிள்ளைகளின் மணத்துக்கும் எழுந்தருள்வாராக. ஆமென்.