கிளப்பின் சுவரும் அமெச்சூர் கோடும்: அமெரிக்க கோல்ஃபின் தொடக்கக் காலம்

பரிசுப் பணமோ கூலியோ கருதாது, ஆட்டத்தின் மீதுள்ள விருப்பத்தால் மட்டும் ஆடுபவரைக் குறிக்கும் ‘அமெச்சூர்’ என்னும் சொல், அமெரிக்க கோல்ஃப் வரலாற்றில் விளையாட்டு நெறியாக மட்டுமன்றி, யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைத் தீர்மானித்த சமூக எல்லையாகவும் விளங்கியது. அவ்வெல்லை ‘கண்ட்ரி கிளப்’ என்னும் அமைப்புக்குள் உருவாகிப் பின்னர் தளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நகரச் செல்வர்கள் ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, சந்தா செலுத்தும் உறுப்பினர்களும் அவர்தம் குடும்பத்தாரும் மட்டும் கூடிப் பொழுதுபோக்க அமைத்துக்கொண்ட இடமே கண்ட்ரி கிளப் ஆகும். 1882இல் பாஸ்டன் நகரை அடுத்த புரூக்லைனில் தோன்றிய ‘தி கண்ட்ரி கிளப்’ குதிரைச் சவாரியையும் பந்தயத்தையுமே முதன்மையாகக் கொண்டிருந்தது. ஆறு குழிகள் கொண்ட கோல்ஃப் திடல் அங்கு 1893இல்தான் அமைந்தது. இதற்கிடையே நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ரீட், நண்பர் கொண்டுவந்த மட்டைகளையும் பந்துகளையும் வைத்து 1888 பிப்ரவரியில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் மூன்று குழிகள் வெட்டி ஆடினார். அவ்வாண்டு நவம்பரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் பிறந்தது. பின்னர் அக்கிளப் ஓர் ஆப்பிள் தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தபோது, உறுப்பினர்கள் மரக்கிளையில் மேற்சட்டைகளை மாட்டிவிட்டு ஆடுமளவுக்கே ஏற்பாடுகள் எளிமையாக இருந்தன.

இந்த எளிமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1894இல் நியூபோர்ட், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய இரு கிளப்புகளும் தனித்தனியே அமெச்சூர் போட்டி நடத்தி, இருவேறு வெற்றியாளர்களை அறிவித்தன. நியூபோர்ட்டில் ஒரே அடி வித்தியாசத்தில் தோற்ற சிகாகோவின் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட், தம் பந்து சென்று முட்டிய கற்சுவரை முறையான தடையாகக் கொள்ள முடியாதென வாதிட்டார். செயின்ட் ஆண்ட்ரூஸிலும் தோற்றபின், ஒரு கிளப் மட்டும் நடத்தும் போட்டியைத் தேசியப் போட்டியாக ஏற்க மறுத்தார். இப்பூசலின் விளைவாக 1894 டிசம்பர் 22 அன்று ஐந்து கிளப்புகள் கூடி, பின்னாளில் ‘அமெரிக்க கோல்ஃப் சங்கம்’ என அறியப்பட்ட அமைப்பை நிறுவின.

1895இல் நியூபோர்ட்டில் நடந்த முதல் அதிகாரபூர்வ அமெச்சூர் போட்டியில் மெக்டொனால்டே வென்றார். அதை அடுத்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இடமளித்த முதல் ஓப்பன் போட்டி ஒரே நாளில் முடிந்தது. அக்கால மதிப்பில் அது துணை நிகழ்ச்சியே. பயிற்சியளித்தும் மட்டை செய்தும் பிழைத்த தொழில்முறையாளர்கள் கிளப்பின் ஊழியர்களாகக் கருதப்பட்டதால், உறுப்பினர்களுக்கான கிளப் மாளிகைக்குள் அவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. கூலிக்கு மட்டைப்பை சுமக்கும் ‘கேடி’ கூட, 16 வயதைக் கடந்தும் அவ்வேலையைத் தொடர்ந்தால் அமெச்சூர் தகுதியை இழக்க நேரிட்டது. இவ்வாறு வருவாய் பற்றிய விதி, நடைமுறையில் உழைத்துப் பிழைப்போரை விலக்கும் விதியாயிற்று.

இவ்வெல்லையை உலுக்கியவர் தி கண்ட்ரி கிளப்புக்கு எதிர்வீட்டில் வளர்ந்த தோட்டக்காரரின் மகன் பிரான்சிஸ் விமெட். அங்குக் கேடியாக இருந்த அவர், 1913 ஓப்பனில், தம் வீட்டுக்கு எதிரேயிருந்த 17ஆம் குழியில் ஓர் அடியை மிச்சப்படுத்தி, இங்கிலாந்தின் புகழ்பெற்ற தொழில்முறையாளர்களான ஹாரி வார்டன், டெட் ரே ஆகியோருடன் சமநிலை எய்தினார். மறுநாள் நடந்த தீர்வு ஆட்டத்தில், பத்து வயதுச் சிறுவன் எடி லோரி மட்டைப்பையைச் சுமக்க, விமெட் 72 அடிகளில் முடித்தார். வார்டனுக்கு 77, ரேவுக்கு 78 அடிகள் தேவைப்பட்டன. ஆயினும் விளையாட்டுப் பொருள் வணிகத்தில் ஈடுபட்டதற்காக அதே விமெட்டின் அமெச்சூர் தகுதியைச் சங்கம் 1916இல் பறித்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின் 1918இல் அது திரும்பக் கிடைத்தது.

1920 ஓப்பனின்போது டொலிடோ நகரின் இன்வெர்னஸ் கிளப் தொழில்முறையாளர்களுக்குத் தன் மாளிகையைத் திறந்துவிட, அவர்கள் நன்றியாக ஆளுயரக் கடிகாரமொன்றை அளித்தனர். 1930இல் ஓராண்டின் நான்கு பெரும்போட்டிகளையும் வென்று 28 வயதில் ஓய்வுபெற்ற பாபி ஜோன்ஸோடு அமெச்சூர் ஆட்டம் உச்சம் கண்டது. அதன்பின் முதன்மை தொழில்முறையாளர் பக்கம் சாய்ந்தது. ஆனால் அமெச்சூர் கோடு மங்கிய வேகத்தில் கிளப்பின் சுவர் தாழவில்லை. ஜோன்ஸ் தாமே இணைந்து நிறுவிய அகஸ்டா நேஷனல் கிளப் முதல் கறுப்பின உறுப்பினரை 1990இலும், முதல் பெண் உறுப்பினர்களை 2012இலும்தான் சேர்த்துக்கொண்டது. எழுதப்பட்ட விதியின்கீழ் விமெட்டுக்கு எதிராக எடுத்த முடிவை மாற்ற இரண்டாண்டு எதிர்ப்பு போதுமாயிருந்தது. எழுதப்படாத விலக்கலைத் தகர்க்கவோ பல தலைமுறைகள் தேவைப்பட்டன.