பாக்டீரியாத் தொற்றும் ஆண் மலட்டுத்தன்மையும்: ஒரு வரலாறு

குழந்தைப்பேறு இல்லையென்றால் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் பெரும்பாலும் மனைவியே மலடி எனப்பட்டாள். கணவனைச் சோதிக்கும் வழக்கம் இல்லை. இந்நிலை மாறியதில் மேகவெட்டை (கொனோரியா) என்னும் பால்வினை நோய் பற்றிய ஆய்வுகளுக்கு முக்கியப் பங்கு உண்டு.

விந்தணு முதன்முதலில் கண்டறியப்பட்டதும் இந்நோயின் தொடர்பில்தான். 1677ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆண்டனி வான் லேவன்ஹூக்கிடம், மருத்துவ மாணவரான யோகான் ஹாம் ஒரு மேகவெட்டை நோயாளியின் விந்தைக் கொண்டுவந்தார். அதில் வாலுள்ள நுண்ணுயிர்கள் நீந்தின. அவை நோயால் தோன்றியவை என ஹாம் எண்ணினார். நலமான ஆணின் விந்திலும் அவை இருப்பதை லேவன்ஹூக் கண்டார்.

விந்தகத்தில் உருவாகும் விந்தணுக்கள், எபிடிடைமிஸ் என்னும் சுருண்ட நுண்குழலில் முதிர்ச்சி அடைகின்றன. நீட்டினால் இக்குழல் சுமார் 6 மீட்டர் இருக்கும். தொற்று இங்கே பரவினால் அழற்சி உண்டாகும். அது ஆறியபின் ஏற்படும் தழும்பு குழலை அடைத்துவிடலாம். இரு பக்கமும் அடைபட்டால் விந்தில் விந்தணுவே இராது. ஆயினும் விந்துப் பாய்மத்தின் பெரும்பகுதி பிற சுரப்பிகளிலிருந்து வருவதால், அதன் அளவும் தோற்றமும் மாறுவதில்லை. ஆண்மையும் குறைவதில்லை. எனவே கணவன்மீது எவருக்கும் ஐயம் எழவில்லை.

நுண்ணோக்கி இதை வெளிப்படுத்தியது. இரு பக்கமும் எபிடிடைமிஸ் அழற்சி கண்ட ஆண்களின் விந்தில் விந்தணு இல்லாததைப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கோஸ்லான் 1847 முதல் எடுத்துரைத்தார். கணவனிடம் மறைந்திருக்கும் மேகவெட்டை மனைவியையும் தொற்றி மலடாக்குகிறது என 1872இல் எமில் நோகராத் எழுதினார். மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. 1879இல் ஆல்பர்ட் நைசர் அந்நோயின் பாக்டீரியாவைக் கண்டறிந்த பிறகே எதிர்ப்பு தளர்ந்தது. அடைப்பைத் தாண்டி விந்து நாளத்தை எபிடிடைமிஸுடன் இணைக்கும் அறுவை முறையை 1902இல் பிலடெல்பியாவின் எட்வர்ட் மார்ட்டின் வெளியிட்டார்.

1940களில் பெனிசிலின் வந்தபின் மேகவெட்டை எளிதில் குணமாயிற்று. பின்னாளில் அப்பாக்டீரியா பல மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. கிளமிடியா போன்ற பிற பாக்டீரியாக்களும் இதே பாதிப்பை உண்டாக்கக்கூடும். அறிகுறியே இல்லாமலும் இருக்கக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாக்டீரியாவை அழிக்கும். ஏற்பட்டுவிட்ட தழும்பை நீக்காது. ஆகவே தம்பதியர் இருவரும் காலத்தே சோதனையும் சிகிச்சையும் பெறுவது அவசியம்.